முழங்கை நழுவிய பிள்ளை

தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரிகளில் மருத்துவ உதவியாளர்களாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் சிலருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான் வரும். சில வாரங்களுக்கு முன் லுணுகலையில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார். யாரோ ஒருவர் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புகிறார். பிள்ளை ஒருமுறை கத்திவிட்டு, அதே கையால் பொம்மையை எடுக்கிறது. இனி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் என்று கீழே எழுதியிருந்தது. "இதுதானே நீங்க மடுல்சீமையில செஞ்சுகிட்டு இருந்தது? மூணு செக்கன் வேலை" என்று நண்பர் என் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார்.

பதிலுக்கு இரண்டு வரி எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். இரண்டு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை.

திருப்புவதற்கு மூன்று விநாடிதான் ஆகும் என்பது உண்மை. ஒரு வயதுக்கும் நாலு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் முழங்கையில் ஒரு சின்ன எலும்பின் தலை ஒரு நார் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த வயதில் வளையம் தளர்வு. நீட்டியிருக்கும் கையை யாராவது வெடுக்கென்று இழுத்தால் தலை நழுவிவிடும். பிள்ளை அப்போது அழும். பிறகு அழுகை நின்றுவிடும், கை மட்டும் தொங்கும். வீக்கம் இருக்காது, காயம் இருக்காது. கையை அசைக்காமல் விட்டால் பிள்ளை சிரிக்கக்கூடச் செய்யும். சரியாகத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சின்ன அசைவு விரலுக்குத் தெரியும். அத்தோடு முடிந்தது.

நான் பிறந்தது பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தின் வரிசை வீடுகளில், லயம் ஒன்றில். படிப்பு, பயிற்சி, பரீட்சை எல்லாம் மற்றவர்களுக்கு நடந்த மாதிரிதான் எனக்கும் நடந்தது. அதைச் சொல்லி நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை. முதல் வேலை ஹமீது ஐயாவுக்குக் கீழே கிடைத்தது. பதுளைக்காரர். அவருடைய அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் டவுனில் துணிக்கடை. குடும்பத்தில் கடைக்குப் போகாத ஒரே ஆள் இவர். நாங்கள் வேலை பார்த்த பெரிய டிஸ்பென்சரியில் அவர் சொன்னதுதான் சட்டம். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. வேலை சரியாக நடந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். பிழை நடந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே அவரிடம் ஒரு குட்டை நாற்காலி இருந்தது. கையை முழங்கை வரை கழுவுவார். கழுவிய கையை, வெந்நீர்க் கெட்டிலின் பக்கத்தில் பிடித்துச் சூடாக்குவார். பிறகு வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தன் முழங்காலில் வைத்துக்கொள்வார். பிள்ளையைத் தொட மாட்டார். அம்மாவிடம்தான் பேசுவார். எப்படி ஆச்சு, எப்ப ஆச்சு, யாரு பார்த்தது. இந்த மூன்றையும் கேட்பார், வேறு வேறு மாதிரி திரும்பவும் கேட்பார். பேசிக்கொண்டே ஒரு பிஸ்கட்டை எடுத்து, பிள்ளையின் நோவுள்ள கைப் பக்கமாக நீட்டுவார். எந்தக் கை வருகிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தொடுவது. முதலில் நல்ல கை. பிறகு மற்றக் கையில் காறை எலும்பு, தோள், மணிக்கட்டு. நகத்தை அமுக்கி, வெளுத்த நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார். நாடி பார்ப்பார். முழங்கை கடைசி. எங்காவது துளி வீக்கம் இருந்தால் அந்த இடத்தோடு நிறுத்தி, கை இருந்த வாக்கிலேயே அட்டை வைத்துக் கட்டி, கடிதம் எழுதி பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

இவ்வளவுக்கும் பத்து நிமிடம் பிடிக்கும். வெளியே வரிசை நிற்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

நழுவிய முழங்கையைத் திருப்பி அவர் கை போடுவதை நாலைந்து தரம் பார்த்த பிறகு, எனக்கும் தெரியும் என்ற நினைப்பு வந்தது. ஒருநாள் அவர் லயங்களைப் பார்வையிடப் போயிருந்த நேரம், நாலு வயசு மகனைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். "கையப் புடிச்சு இழுத்துட்டேங்க, அதுலருந்து தூக்க மாட்டேங்கிறான்" என்றாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை போட்டிருந்தது. அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பிடித்தேன், திருப்பினேன். பிள்ளை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. 'டிக்' வரவில்லை. இன்னொரு தரம் திருப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ஹமீது ஐயா வாசலில் நின்றார்.

என் கையை எடுக்கச் சொல்லி வாயால் சொல்லவில்லை. வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக அப்புறப்படுத்தினார். கத்தரிக்கோலால் சட்டைக் கையை வெட்டினார். முழங்கைக்கு மேலே வீங்கியிருந்தது. தாயைப் பார்த்து, "இழுத்தது எதுக்கும்மா?" என்றார்.

"வாங்குப் பலகையில இருந்து விழுந்துட்டான் ஐயா. அழுதான்னு கையப் புடிச்சுத் தூக்கினேன்."

விழுந்தது முதலில், இழுத்தது பிறகு. எலும்பு உடைந்தது விழுந்ததில். நான் கேட்டிருந்தால் அவள் அப்போதே சொல்லியிருப்பாள்.

அட்டை வைத்துக் கட்டினார். விரல்களின் நிறத்தைப் பார்த்தார். தோட்டத்து வான் வண்டியை வரச் சொன்னார். தாய் முன்னால் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பதுளைக்குக் கொடுக்கும் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார். எழுதி நீட்டினேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ திருப்பினது இதுல இல்லையே."

நான் கடிதத்தைத் திரும்ப வாங்கினேன்.

"எழுது. அங்க பார்க்கிற டாக்டருக்கு அது தெரியணும். ஒனக்கு வெக்கமா இருக்குங்கிறது அவருக்குத் தேவையில்லாத விஷயம்."

எழுதினேன். உடைவு என்று தெரியாமல் ஒருமுறை திருப்பப்பட்டது, திருப்பியவர் கீழே கையெழுத்திட்டிருப்பவர் என்று. பிள்ளைக்கு நிரந்தரமாக ஒன்றும் ஆகவில்லை. நரம்போ இரத்தக்குழாயோ மாட்டியிருந்தால் ஆகியிருக்கும். அந்த வீடியோவில் இருப்பவருக்கு இது நடந்திருக்காது, அல்லது நடந்ததை அவர் படம் பிடிக்கவில்லை.

பல வருடம் கழித்து மடுல்சீமையில் ஒரு டிஸ்பென்சரியைத் தனியாகப் பொறுப்பெடுத்தேன். பாதை மோசம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பதுளைக்குப் போய்ச்சேர அரை நாள் ஆகும். அங்கே போன பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குக் கை போட்டிருக்கிறேன். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் மனதில் தனியாக நிற்கிறது.

தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். எங்கள் பிரிவில் அதைப் பார்த்துக்கொண்ட ஆயா கனகம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்த வேலை. லயத்தில் ஓடித்திரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் மடியில் தூங்கி வளர்ந்தவர்கள். ஒருநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவள் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். தோளில் பிள்ளையின் துணிப்பை.

"பிஸ்கட் குடுத்தேங்க. எப்பவும் இந்தக் கையாலதான் வாங்குவா. இன்னைக்கு மத்தக் கைய நீட்டுறா. இது தொங்குது. தொட்டா அழுவுறா."

பிள்ளையின் பெயர் தர்ஷினி. இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது, உள்ளங்கை பின்பக்கம் பார்த்தபடி. பார்த்தவுடனே எனக்கு நழுவிய முழங்கை என்றுதான் பட்டது.

"யாராவது இழுத்தீங்களா?"

"இல்லைங்க. நான் இழுக்கல. என்கிட்ட விடும்போதே அழுதுகிட்டுத்தான் இருந்துச்சு."

"விழுந்துச்சா?"

"விழலைங்க. நான் பார்த்து விழல."

கடைசியில் சொன்ன அந்த வார்த்தை எனக்கு இடறியது. இன்னும் பத்துப் பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒரு பிள்ளை அவள் பார்க்காமல் விழுந்திருக்கலாம். நான் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே வெளியே சத்தம் கேட்டது.

ஆயா பிள்ளையின் கையை உடைத்துவிட்டாள் என்று தேயிலை மலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். முன்னால் பிள்ளையின் தாய் வசந்தி. ஃபெக்டரியிலிருந்து தகப்பன் முரளி வந்தான். பின்னாலேயே தொழிற்சங்கத் தலைவரும் வந்தார். முரளி நேராகக் கனகம்மாவைப் பார்த்து, "புள்ளையப் பார்க்கத்தானே சம்பளம் தர்றாங்க? என்னா செஞ்சே எம் புள்ளைய?" என்றான். தோட்டத்து ஆபீசிலிருந்து கிளார்க் போன் எடுத்து, ஆயாவை இன்றைக்கே நிறுத்தச் சொல்லித் தோட்டத் துரை சொல்வதாகச் சொன்னார். நான் பிள்ளையை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றேன்.

பிரிவில் வேலை செய்யும், அப்போது அங்கே வந்திருந்த மிட்வைஃப் மிஸ்ஸையும் வசந்தியையும் தவிர மற்ற எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். கனகம்மாவையும்தான். கதவைச் சாத்தினேன்.

குட்டை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹமீது ஐயாவைப் பார்த்து நானும் ஒன்று செய்து வைத்திருந்தேன். காறை எலும்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் சரி. நகத்தில் நிறம் திரும்பியது. வீக்கம் எங்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு குண்டுப் பிள்ளையின் கையில் சின்ன வெடிப்பு இருந்தால் முதல் ஓரிரு மணி நேரத்தில் வீக்கம் தெரியாமலும் இருக்கலாம். இழுத்ததால் வந்தது என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வசந்தியிடம் கேட்டேன். "காலையில கொண்டுபோய் விடும்போது புள்ள எப்படி இருந்தா?"

"நல்லாத்தாங்க இருந்தா."

"அழுதாளா?"

"எல்லாப் புள்ளையும் அழுகுந்தானேங்க, தாய விட்டுப் போகையில."

இரண்டு வழி இருந்தது. கையைக் கழுத்தோடு தூக்குத்துணியில் கட்டிப் பதுளைக்கு அனுப்பலாம். பிழை சொல்ல முடியாத வழி. அன்று பாதையில் மண் சரிந்து கிடந்தது, போய் எக்ஸ்ரே எடுத்துத் திரும்ப இரவாகும். அதற்குள் கனகம்மாவின் வேலை போயிருக்கும். கட்டுப் போட்ட கையோடு பிள்ளை வான் வண்டியில் ஏறுவதைப் பார்த்தாலே தோட்டம் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிடும். மற்ற வழி, திருப்பிப் பார்ப்பது. கனகம்மாவைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையின் கையைத் திருப்பக்கூடாது. அது எனக்குத் தெளிவாக இருந்தது. பதுளைக்கு அனுப்புவது என்று தூக்குத்துணியைக் கையில் எடுத்துவிட்டேன்.

கடிதத்தில் எழுதப் பிறந்த திகதி வேண்டும். கிளினிக் கார்டுக்காகத் துணிப்பையைத் திறந்தேன். பால் போத்தல், கார்டு, ஒரு துவாய்த் துண்டு. அடியில் பிழிந்து சுருட்டிய சின்னச் சட்டை ஒன்று, ஈரமாக, சேறு ஒட்டி. அன்று காலையில் மழை இல்லை.

அதை மேசையில் வைத்தேன். "இது எப்படிம்மா நனைஞ்சது?"

வசந்தி சட்டையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். வெளியே முரளியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

மிட்வைஃப் மிஸ் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "வசந்தி, யாரு மேல தப்புன்னு ஐயா கேக்கல. கைக்கு என்ன வைத்தியம்னு தெரியணும். அவ்வளவுதான்."

வசந்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"காலைப் பெரட்டுக்கு நேரமாச்சுங்க. வேலைக்குப் பேர் போடாம அனுப்பிருவாங்கன்னு வேகமா வந்தேன். எறக்கி நடக்க வுட்டேன், பாதையோரக் கானுக்குள்ள காலை வச்சுட்டா. தண்ணி ஓடுதுங்க அதுல. இந்தக் கையத்தான் புடிச்சிருந்தேன். அப்படியே ஒரே தூக்காத் தூக்கிட்டேன்."

"விழுந்தாளா? கை எங்கயும் அடிபட்டுச்சா?"

"இல்லைங்க. காலுதான் உள்ள போச்சு. கீழ விழவே இல்ல, நான் தூக்கிட்டேன்."

"அப்புறம்?"

"புள்ளக்காம்பராவுல வச்சு சட்டைய மாத்தினேன். கைய நுழைக்கையில கத்தினா. தண்ணி குளிருக்குன்னு நெனச்சேங்க."

வேறு வேறு மாதிரி இரண்டு தரம் கேட்டேன். பதில் மாறவில்லை. தூக்குத்துணியை மடித்து வைத்தேன். கையைக் கெட்டிலின் பக்கத்தில் பிடித்துச் சூடாக்கினேன். பிள்ளையைத் தாயின் மடியில் இருத்தச் சொல்லி, ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறு கையால் திருப்பினேன். என் கட்டைவிரலுக்குக் கீழே அந்த 'டிக்' வந்தது. பிள்ளை கத்தியது. கையை விட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுத்து மிஸ் பிஸ்கட்டை இடது பக்கமாக நீட்டினார். முதலில் வலது கை வந்தது. மிஸ் பிஸ்கட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். இடது கை மெதுவாக மேலே வந்து எடுத்தது.

வசந்தி அழுதாள். பிறகு என்னிடம், "ஐயா, அவருகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள்.

"உன் பேர நான் சொல்ல மாட்டேன். ஆனா கனகம்மா செய்யலைன்னு சொல்லியே ஆகணும். அப்படின்னா யாருன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் தலையாட்டினாள்.

கதவைத் திறந்து சொன்னேன். எலும்பு உடையவில்லை, மூட்டு நழுவியிருந்தது, இப்போது சரி. கையைப் பிடித்துத் தூக்கினால் எந்தப் பிள்ளைக்கும் இது வரும், இங்கே நிற்கிற எல்லாரும் அப்படித் தூக்கியிருப்பீர்கள். பிள்ளைக்காம்பராவில் நடந்தது இல்லை.

முரளி கேட்டான். "அப்ப எங்க நடந்துச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் வசந்தி பிள்ளையோடு வெளியே வந்தாள். "நான்தான். காலையில கானுல எறங்கிட்டாளேன்னு இழுத்தேன்" என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

முரளி அவளைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், திரும்பி ஃபெக்டரிப் பக்கம் நடந்தான். எல்லார் முன்னாலும் அவன் அடிக்கவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மிட்வைஃப் மிஸ் அடுத்த நாளும் அடுத்த வாரமும் அவர்கள் லயத்துக்குப் போய் விசாரித்தார். ஒன்றும் இல்லை என்று வசந்தி சொன்னாளாம். ஏசுவதற்கென்று தயாராக வந்திருந்த தொழிற்சங்கத் தலைவருக்கு ஏச ஆள் இல்லாமல் போனது. அவர் அந்தக் கானைப் பிடித்துக்கொண்டார். நடக்கிற பாதையில் கானுக்கு மூடி இல்லாததால் வந்த வினை இது என்று ஆபீஸ் வாசலில் போய் நின்றார். இரண்டு வாரத்தில் கொங்கிரீட் பலகை போட்டார்கள். ஆயாவை நிறுத்தச் சொன்ன உத்தரவை, அப்படி ஒன்று வரவே இல்லை என்பது போல ஆபீசில் மறந்துவிட்டார்கள்.

எனக்கு அன்று திருப்தியாக இருந்தது. அவசரப்படவில்லை, சரியாகக் கேட்டேன், சரியாகச் செய்தேன். கண்ணாடியைத் துடைக்க ஹமீது ஐயாவுக்கு ஒரு காரணமும் கிடைத்திருக்காது.

ஒன்றரை மாதம் போயிருக்கும். கனகம்மா பிரஷர் மாத்திரைக்கு வந்தாள். அளந்து பார்த்தேன், கூடியிருந்தது. மாத்திரையைக் கொடுக்கும்போது, வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"ஏன்? யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"இல்லைங்க. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. வசந்தி வந்து காலத் தொட்டுச்சு. முரளியும் அக்கான்னுதான் கூப்புடுது."

"அப்புறம் என்ன?"

மாத்திரை உறையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீங்க உள்ள இருந்தீங்க. நான் வெளிய நின்னேன். ஒரு மணி நேரம் இருக்குங்க. எல்லாம் நான் வளத்த புள்ளைங்களோட தாய்மாருங்க. ஒருத்தி என் மூஞ்சியில துப்பினா. ஒருத்தியாவது, அக்கா அப்படிச் செய்யாதுன்னு சொல்லுவான்னு பார்த்துகிட்டே இருந்தேன்." முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள். "ஒரு புள்ளையத் தூக்கையில இப்ப எனக்குக் கை நடுங்குதுங்க. அந்தக் கையோட புள்ளையப் பார்க்கக் கூடாது."

திரும்பவும் போகச் சொல்லி நான் இரண்டு தரம் கேட்டேன். சிரித்தாள். பிள்ளையின் கை இப்போது எப்படி என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். போய்விட்டாள். அந்த வருடக் கடைசியில் மகளோடு பண்டாரவளைப் பக்கம் குடிபோனதாகக் கேள்விப்பட்டேன்.

கதவைச் சாத்தியதில் பிழையில்லை. கனகம்மா உள்ளே இருந்திருந்தால் வசந்தி வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் பிள்ளையின் நகத்தில் நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரமும், பிள்ளையைத் தூக்கி வந்தவள் எங்கே நிற்கிறாள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, அடிபட்ட பிள்ளையை யார் தூக்கி வந்தாலும் முதலில் அவர்களைக் கட்டுப்போடும் அறையில் இருத்தி, கதவைச் சாத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளையிடம் வருவேன்.

கனகம்மா வந்த அன்றும் அந்த அறை காலியாகத்தான் இருந்தது.